முன் டயர்

அதிகாரி சாமிநாதன் குனிந்து, பஸ்ஸின் பின் டயர்ப் பள்ளத்தில் ஊசியை இறக்கினார்.

கைக்கடக்கமான பித்தளைக் கருவி அது. ஊசி எவ்வளவு உள்ளே போகிறதோ அவ்வளவுதான் டயரின் மிச்ச ஆயுள்.

பக்கத்தில் நசருல்லா நின்று பார்த்துக்கொண்டிருந்தான். திருத்தணிக்கும் பொதட்டூர்பேட்டைக்கும் ஓடும் இந்த ஒரு பஸ்தான் அவனுக்குச் சொத்து. அதை அவனே ஓட்டி வயிறு கழுவிக்கொண்டிருந்தான்.

யுத்தம் வந்து பெட்ரோல் போனபோது கரியைப் போட்டு எரித்து, அந்த வாயுவில் ஓட்டினான். டயர் போனபோது அதற்கு மாற்று எதுவும் கிடைக்கவில்லை.

தேய்ந்த டயரோடு ஓடும் வண்டிகளை நிறுத்திப் போடத்தான் சென்னையிலிருந்து அதிகாரி வருகிறார் என்று கடைத்தெருவில் பேச்சு. முதலில் சொன்னது யார் என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் எல்லாரும் நம்பினார்கள்.

அதிகாரி வருகிறார் என்றால் இருப்பதை மூடிவைத்து, இல்லாததை எடுத்துக் காட்டத்தானே நமக்குத் தெரியும். நசருல்லாவும் அதைத்தான் செய்தான்.

அவன் மச்சான் ஷரீப் ஓட்டுவது பட்டாளத்துக்குச் சாமான் ஏற்றும் லாரி. அதன் முன் சக்கரங்கள் இரண்டையும் விடியற்காலையில் கழற்றி பஸ்ஸில் மாட்டியாகிவிட்டது. மத்தியானம் லாரி கிளம்பியாக வேண்டும். அதற்குள் திருப்பி மாற்றிவிடலாம் என்பது ஏற்பாடு.

பஸ்ஸின் பின் டயர்கள் இன்னும் தாங்கும். அதன் சொந்த முன் சக்கரங்கள் லாரிக்குள் சாக்குக்கு அடியில் கிடந்தன. டயரில் ரப்பர் போய் நூல் தெரிந்தது. அவற்றோடு இறக்கத்தில் இறங்கும்போதெல்லாம் அவன் மனதுக்குள் கலிமா சொல்லிக்கொண்டுதான் இறங்குவான்.

பட்டாளத்துச் சாமானில் கை வைத்தது தெரிந்தால் ஜெயில். ஷரீபுக்கும் சேர்த்துத்தான்.

சாமிநாதன் முன் பக்கம் வந்தார். ஊசியை இறக்கினார். நிமிரவில்லை. விரலால் டயரைத் தடவிப் பார்த்துவிட்டு, வேறோர் இடத்தில் மறுபடி இறக்கினார்.

டயரில் பட்டாளத்து முத்திரை ஏதாவது இருக்குமோ என்று நசருல்லாவுக்கு அப்போதுதான் தோன்றியது. அதைப் பார்க்காமல் மாட்டிவிட்டோமே என்று டயரைக் கண்ணால் துழாவினான்.

"டயரை நல்லா வெச்சிருக்கியேப்பா," என்றார் சாமிநாதன்.

போன உயிர் திரும்பி வந்தது. "ஆங்க ஸார், பாத்துப் பாத்துத்தான் ஓட்டிகினு வரேங்க."

"காலையிலேர்ந்து பாத்த வண்டியெல்லாம் மொட்டை. எல்லாருக்கும் புது டயருக்குச் சீட்டு எழுதிக் குடுத்துட்டேன். தேஞ்சவனுக்குக் குடுக்கச் சொல்லித்தானே என்னை அனுப்பினது. உனக்கு இன்னும் ஒரு வருஷத்துக்கு வேண்டியிருக்காது."

மற்றவர்களுக்குப் பட்டாளத்து லாரி ஓட்டும் மச்சான் இல்லை. அதனால் பிழைத்தார்கள்.

நசருல்லா வாயைத் திறந்தான். உண்மையைச் சொன்னால் டயர் கிடைக்கும். ஜெயிலும் கிடைக்கும். வாயை மூடிக்கொண்டான்.

சாமிநாதன் கருவியை உறையில் போட்டுக்கொண்டு, மலைப்படிகளை அண்ணாந்து பார்த்தார்.

"என் சம்சாரமும் குழந்தையும் மேலே சாமி பாக்கப் போயிருக்காங்க. சாயங்காலம் பொதட்டூர்பேட்டைக்கு, அவ அப்பா வீட்டுக்குப் போகணும். இன்னிக்குப் பாத்த வண்டிகள்ல ஏத்தி அனுப்ப எனக்கே பயமா இருக்கு. உன் பஸ்ல முன்னால இடம் போட்டு வை."

சாயங்காலம் எந்த டயர் ஓடும் என்று நசருல்லாவுக்குத் தெரியும். வண்டி கெட்டுப்போச்சு என்று சொல்லலாம். உடம்பு சரியில்லை என்று சொல்லலாம். இன்று சொல்லலாம், நாளைக்கும் சொல்லலாம். ஒரு வருஷத்துக்குச் சொல்ல முடியுமா?

"ஆங்க ஸார், போட்டு வெக்கிறேங்க," என்றான்.

அவர் அடுத்த வண்டியை நோக்கி நடந்தார். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே அவன் பின்னாலிருந்து கேட்டான்.

"கொழந்தைக்கு என்னா வயசுங்க?"