நின்று நிரப்பும் துப்பாக்கி

"தங்கச்சி, உங்க அண்ணனுக்குப் படுத்துச் சுடத் தெரியாதா?"

வாசலில் ஊன்றுகோலோடு நின்றவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். பெரிய அண்ணனோடு ஒரே அணியில் இருந்தவன். அண்ணன் இறந்த செய்தி போன மாதமே வந்துவிட்டது. இவன் அவனுடைய பையைக் கொடுக்க வந்திருந்தான்.

கூடத்தைக் காட்டினேன்.

அங்கே அப்பா சின்ன அண்ணனுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். மறுநாள் அவனும் படைக்குப் போகிறான். துடைப்பக் கட்டைதான் துப்பாக்கி. தோளோடு தோள் சேர்ந்து நிற்க ஆள் இல்லாததால் ஒரு பக்கம் அலமாரி, மறுபக்கம் அம்மா.

அப்பாவுக்குத் தெருவில் 'கம்பம்' என்று பெயர். தூங்குவதும் நின்றபடிதான் என்பார்கள்.

அவர் படையில் இருந்த காலத்துத் துப்பாக்கியில் குழலின் வாய்வழியாக வெடிமருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கோலால் இடிக்க வேண்டும். படுத்துக்கொண்டு அது முடியாது. அதன் குறியும் துல்லியமாக இருக்காது. வரிசையாக நின்று எல்லோரும் ஒரே நேரத்தில் சுட்டால்தான் எதிரே நாலு பேராவது விழுவார்கள். குனிந்தவன் வரிசையைக் கெடுத்தவன். நாங்கள் சிறுவயதில் தரையில் புரண்டாலே அடி விழும்.

வந்தவனை அப்பா உட்காரச் சொல்லவில்லை. குண்டு எங்கே பட்டது என்று கேட்டார்.

நெஞ்சில் என்றான்.

கேட்டுக்கொள் என்பதுபோல அப்பா சின்ன அண்ணனைப் பார்த்தார்.

"நாங்க எல்லாரும் படுத்துட்டோம் ஐயா. அவன் மட்டும் நின்னான்."

அப்பாவின் உதடு கோணியது. பயந்தாங்கொள்ளிகளைப் பற்றி ஏதோ சொன்னார்.

வந்தவன் கோபப்படவில்லை. புதுத் துப்பாக்கியைப் பின்பக்கம் திறந்து தோட்டாவைச் செருகலாம், தாடை மண்ணில் படக் கிடந்தபடியே செருகலாம் என்றான். எதிரியிடமும் அதே துப்பாக்கிதான். முகம் தெரியாத தூரத்திலிருந்து ஒற்றை ஆளைக் குறிவைக்கிறார்கள். தங்கள் அணியின் அதிகாரியும் அப்பா காலத்து ஆள்தானாம். முதலில் விழுந்தது அவராம்.

அண்ணன் ஏன் படுக்கவில்லை என்று சின்ன அண்ணன் கேட்டான். வரிசையில் நிற்பவன் பேசக்கூடாது. அப்பா அதட்டவில்லை.

வந்தவன் என்னைப் பார்த்தான். பிறகு அப்பாவைப் பார்த்தான்.

"காலைப் புடிச்சு இழுத்தேன் ஐயா. 'விடுடா, படுத்தா எங்கப்பா கொன்னுடுவாரு'ன்னு சிரிச்சான்."

அம்மா இருந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்பாவின் குரல் கேட்டது. கட்டளை போடும் குரல் இல்லை.

"படுடா."

சின்ன அண்ணன் மண்டியிட்டான். கட்டையை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அப்பாவை அண்ணாந்து பார்த்தான். அப்பாவுக்கும் தெரியவில்லை.

வந்தவன் மெல்லக் கீழே இறங்கி, கட்டுப் போட்ட காலை இழுத்துக்கொண்டு குப்புறப் படுத்தான். ஊன்றுகோலைக் கன்னத்தோடு சேர்த்தான். தலையைத் தூக்காமல், ஒரு கையாலேயே பின்பக்கம் திறப்பதையும் தோட்டா செருகுவதையும் செய்து காட்டினான். இவ்வளவுதான் என்றான்.

சின்ன அண்ணன் அவன் பக்கத்தில் படுத்து அதேபோலச் செய்தான். முதல் தடவையே வந்துவிட்டது.

அப்பா அவர்கள் இருவரையும் சுற்றிக்கொண்டு, அம்மாவைத் தாண்டி, செருப்புகூடப் போடாமல் தெருவில் இறங்கினார்.