குதிரைக்கு லீவு

"ஏங்கண்ணு, காய்ச்சல் யாருக்குத்தான் இல்ல? ஷிப்மென்ட் போகட்டும், அப்பறம் பார்க்கலாம்" என்றார் பழனிமுத்து, பெருமாநல்லூர் பனியன் கம்பெனி முதலாளி. காய்ச்சலுக்கு மாத்திரை உண்டு, ஷிப்மென்ட்டுக்கு இல்லை என்பது அவர் கொள்கை.

டெய்லர் ரோஸ்மேரி இருமிக்கொண்டே மெஷினுக்குத் திரும்பினாள். சொல்லாமல் நின்றுவிட்டால் நாளைக்கே அந்த மெஷினில் வேறு ஆள் உட்கார்ந்துவிடும்.

மத்தியானம் சூப்பர்வைசர் கியாசுதீன் வந்தார்.

"மொதலாளி, பின்னாடி கொட்டகையில நம்ம ரேக்ளா பந்தயக் குதிரை வறட்டு இருமல் இருமுதுங்க. மூக்கு ஒழுகுது. ஒடம்பு அனலாக் கொதிக்குது."

பழனிமுத்து குடித்த டீயைப் பாதியில் வைத்தார். "அட சாமி. டாக்டருக்குப் போன் போட்டீங்களா பாய்?"

"போட்டேனுங்க. குதிரைக்கு வர்ற ஃப்ளூவாம். காய்ச்சலோட வேலை வாங்குனா நெஞ்சைப் புடிச்சுக்குமாம். இருமல் நின்னாலும் ஓட்டக் கூடாது, மூணு வாரம் ரெஸ்ட்டுங்க."

"குடுத்தர்லாங்க. வாயில்லா ஜீவன், பாவம்."

"தூசி ஆகாது, புல்லை நனைச்சுத்தான் போடோணும். நீங்க கிட்ட வராதீங்க. துணியில ஒட்டிட்டு வந்து, உங்க தாராபுரம் தோட்டத்துக் குதிரைக்கும் தொத்திருமாம்."

"வரலீங்க. பார்த்துக்க ஒரு ஆள் வேணுமே?"

"ரோஸ்மேரியைப் போடுங்க. இருமிட்டு லைன்ல ஒழுங்காத் தைக்கறதில்ல. கொட்டகையிலயே கெடக்கட்டும்."

"அப்படியே செய்யுங்க. சம்பளத்துல புடிக்க வேண்டாம்."

தையல் லைனே கொதித்தது.

"காய்ச்சக்காரியக் குதிரை லத்தி அள்ள அனுப்புறாரே, அந்த பாய்க்கு ஈவு இரக்கம் இருக்கா?" என்றாள் பக்கத்து மெஷின் நதியா, அவர் காதில் விழும்படியே.

கியாசுதீன் கட்டிங் பக்கம் போய்விட்டார்.

பழனிமுத்து தினமும் கொட்டகைக்கு எட்டவே நின்று காது கொடுப்பார். உள்ளே இருமல் கேட்கும். "இன்னும் விடலீங்களே" என்று கண் கலங்குவார். முட்டையும் ஆப்பிளும் வாங்கிக் கியாசுதீனிடம் கொடுத்தனுப்புவார்.

மூன்று வாரம் கழித்து ரோஸ்மேரி மெஷினுக்கு வந்தாள். முகம் தெளிந்திருந்தது. கன்னத்தில் கொஞ்சம் சதைகூடப் போட்டிருந்தது.

"குதிரைக்கு இருமல் நின்னுருச்சா?" என்றாள் நதியா.

ரோஸ்மேரி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்தாள்.

"மெதுவாப் பேசுக்கா. அதுக்கு ஒண்ணுமே இல்ல. கியாசுதீன் அண்ணன் அங்க கட்டில் போட்டுக் குடுத்தாரு. இருமுனது பூரா நான்தான்."