ஒற்றை விரலில் ஸ்டியரிங்

ஜோதிலிங்கம் ஆபீசிலிருந்து வந்ததும், மனைவி வடிவு கார் சாவியை நீட்டினாள்.

"ஸ்டியரிங்கை அரைச்சுத்து சுத்தினாத்தானே நம்ம கார் திரும்பும்? சர்தார்ஜி மெக்கானிக் முன்சக்கரத்தை ஆட்டிப் பார்த்தார். ஸ்டியரிங்கைச் சக்கரத்தோட இணைக்கிற 'டை ராடு எண்ட்' ரெண்டும் தேய்ஞ்சுபோச்சாம். புதுசா மாத்திட்டார். இப்ப ஒத்தை விரலால திருப்பலாம்!"

அவர் சாவியை அவசரமாகச் சட்டைப்பைக்குள் ஒளித்தார். "யார்கிட்டயாவது சொன்னியா?"

"நம்ம கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸ் பூரா ஓட்டியே காட்டினேன்."

"போச்சு! அந்தத் தேய்ஞ்ச சாமானைப் பழைய இரும்புக் கடையெல்லாம் தேடி வாங்கி மாட்டினதே நான்தான்டி!"

"எதுக்கு?"

வாசல் மணி அடித்தது. எதிர்வீட்டு அழகர்சாமி சிரித்தபடி நின்றார்.

"சார், ஸ்டியரிங் சரியாயிடுச்சாமே? நாளைக்கு ஊர்லேர்ந்து மச்சான் வர்றான். ஸ்டேஷனுக்குக் காரை எடுத்துட்டுப் போகட்டுமா?"

அழகர்சாமிக்குப் பின்னால் மாடிப்படி வரை வரிசை நின்றது.