டாக்டர் தொடாத மீன்

டாக்டர் ரிஃப்அத் மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபடி மாமியாரை அரைக்கண்ணால் பார்த்தார். இன்ஷிராஹுக்கு அதில் புதிதாக எதுவும் தெரியவில்லை. தொலைக்காட்சியில் நரம்பு நோய்களைப் பற்றிப் பேச ஆரம்பித்த நாளிலிருந்து மருமகன் எல்லோரையும் அப்படித்தான் பார்க்கிறார்.

"திமிரு இல்லம்மா, இமையைத் தூக்க முடியல அவரால," என்றாள் மகள் நாஹித். அழுது அழுது அவள் மூக்கு சிவந்திருந்தது. "காலையில எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுதுன்னார். இப்ப பேச்சும் குழறிப்போச்சு."

நேற்று வசந்தத் திருநாள். மன்சூரா நகரமே நைல் கரையில் பாய் விரித்து உட்கார்ந்து ஃபஸீக் என்னும் உப்புமீனைத் தின்றது. இன்ஷிராஹும் வாரக்கணக்கில் உப்பில் புளிக்கவைத்த மடவை மீனை ஜாடியோடு மகள் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். மூடியைத் திறந்ததுதான் தாமதம், மருமகன் மூக்கைப் பொத்திக்கொண்டு பிரசங்கத்தைத் தொடங்கிவிட்டார்.

"அத்தை, இது மீன் இல்ல, விஷம். உப்பு கொஞ்சம் குறைஞ்சாப் போதும், உள்ள கிருமி வளந்துடும். அப்புறம் நரம்பு சொல்றது தசைக்குப் போய்ச் சேராது. கண்ணு சொருகும், நாக்கு புரளாது, கடைசியில மூச்சு நிக்கும்."

"எங்கம்மா காலத்துலேர்ந்து தின்னுட்டுதான் இருக்கோம். மூச்சு நல்லாத்தான் வருது."

"வரும், வரும். நிக்கிறவரைக்கும் வரும்."

பிள்ளைகள் பயந்துபோய்த் தட்டைத் தள்ளிவிட்டார்கள். இன்ஷிராஹுக்கு முகம் சுண்டிப்போயிற்று. வீட்டுக் குப்பையில் போட்டால் பூனை தின்று சாகும் என்று சொல்லி, டாக்டர் தாமே ஜாடியைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலுக்குப் புறப்பட்டார். தொட்டுக்கொள்ள வைத்திருந்த எலுமிச்சம்பழத்தையும் வெங்காயத்தாளையும்கூட விட்டுவைக்கவில்லை. அவற்றிலும் கிருமி ஏறியிருக்குமாம்.

வீட்டார் அவித்த முட்டையைத் தின்று திருநாளை ஒப்பேற்றினார்கள். வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்த டாக்டரின் முகத்தில் ஊரையே காப்பாற்றிய களை.

இப்போது கட்டிலருகே நின்ற ஹாஸிம், ரிஃப்அத்திடமே படித்துத் தேறிய டாக்டர். தயங்கித் தயங்கித்தான் கேட்டார்.

"தப்பா நெனைக்காதீங்க மேடம். திருநாளுக்கு மறுநாள் இப்படி யார் வந்தாலும் கேக்குறதுதான். சார் ஃபஸீக் ஏதாவது சாப்பிட்டாரா?"

நாஹித்துக்குச் சுருக்கென்றது. "யாரைப் பாத்து என்ன கேக்குறீங்க? அதைத் தொடாதீங்கன்னு ஊருக்கே சொல்றவர் அவர். எங்கம்மா ஆசையா கொண்டுவந்ததைக்கூட வாய்க்கால்ல கொட்டிட்டு வந்தார்."

"சத்தியமான பேச்சு," என்றாள் இன்ஷிராஹ். "மீன் போனதுகூடப் பரவால்ல, ஜாடியும் போச்சு."

கட்டிலிலிருந்து ஒரு முனகல் எழுந்தது. அதில் ஒரு சொல்லும் தேறவில்லை.

"அப்ப சரி," என்று ஹாஸிம் பெருமூச்சு விட்டார். "இதே மாதிரி காட்டுற இன்னொரு வியாதி இருக்கு. உடம்பே தன் நரம்புக்கும் தசைக்கும் நடுவுல போய் மறிச்சுக்கிட்டு நிக்கும். அதுக்கான வைத்தியத்தை ஆரம்பிச்சுடறேன். மீன் விஷமா இருந்திருந்தா முறிவு மருந்தை உடனே போட்டாகணும். தாமதமானா மூச்சே நின்னுடும். நல்லவேளை, அது இல்ல."

போர்வைமேல் கிடந்த டாக்டரின் கை அசைந்தது. பெரும்பாடு பட்டு இரண்டு விரல்களைத் தூக்கிக் காட்டினார்.

"தெரியும் சார். எல்லாம் ரெண்டா தெரியுது. மேடம் சொன்னாங்க," என்றார் ஹாஸிம்.

விரல்கள் இறங்கவில்லை. நாஹித் மறுபடி அழ ஆரம்பித்தாள். டாக்டரின் நெஞ்சு சிரமப்பட்டு ஏறி இறங்கியது. தலை மெல்லப் புரண்டு மாமியார் பக்கம் திரும்பியது. அந்த அரைக்கண்ணில் இப்போது திமிரின் சாயலே இல்லை.

இன்ஷிராஹ் அந்த விரல்களையும் அந்த முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு மருமகனின் காதருகே குனிந்தாள்.

"ரெண்டு துண்டா டாக்டரே, ரெண்டு மீனா?"