அடுத்த வீடு திறக்காது

"இந்த ஆப்பைத் தூக்கிப் போட்டாத்தான் எனக்கு நிம்மதி!" கைப்பேசியை மேஜைமேல் வைத்தேன். "இன்னைக்கும் சூப் ஆறிப்போச்சு, பெவ்."

"முதல்ல உட்காரு, கொலீன்," என்றாள் பெவ். எங்கள் குழுவின் தலைவி.

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. தனியாக இருக்கும் முதியவர்களுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறோம். யாருக்கு என்ன சாப்பாடு என்று காட்டும் ஆப்பை, எங்கள் குழுவிலேயே கணினி தெரிந்த பெரியவர் ராஸ்தான் நிரல் எழுதிச் செய்து கொடுத்திருந்தார்.

அதில் ஒரு தொல்லை. ஒவ்வொரு வீட்டிலும் 'இன்று என்ன சொன்னார்?' என்று ஒரு கட்டம் வரும். நிரப்பாவிட்டால் அடுத்த வீட்டு விவரம் திறக்காது. 'நலம்' என்று தட்டினால், 'நேற்றும் இதையே எழுதினீர்கள்' என்று திருப்பிவிடும்.

"முரியல் வீட்டுல மட்டும் பன்னிரண்டு நிமிஷம்! அவ பூனைக்குப் பல் வலியாம். அதைக் கேட்டு எழுதி முடிக்கறதுக்குள்ள வண்டியில ஏழு பேர் சாப்பாடு ஆறுது."

"பூனைக்கா?" எங்களோடு சாப்பாடு கொண்டுபோகும் கெவின் சிரித்தான். "அதுக்கும் கஞ்சி வெச்சிடலாமா, ராஸ்?"

ராஸ் டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"மூணு வழி இருக்கு," என்றாள் பெவ். "ராஸையே திருத்தித் தரச் சொல்லலாம். வேற ஆப்பை விலைக்கு வாங்கலாம், ஆனா வருஷம் பூரா சனிக்கிழமை சாசேஜ் சுட்டு வித்து நிதி சேர்த்தாலும் கட்டாது. மூணாவது, இலவசமா ஒண்ணு இருக்கு. 'கொடுத்தாச்சு'ன்னு ஒரு தடவை தட்டினாப் போதும். அவ்வளவுதான்."

"ராஸ், அந்தக் கட்டத்தை எடுக்க முடியாதா?" என்றேன்.

"முடியும். எடுக்க மாட்டேன்."

"பிடிவாதத்தைப் பாரு!"

பெவ் கை தூக்கச் சொன்னாள். ராஸைத் தவிர எல்லாக் கையும் இலவசத்துக்கே போனது.

மற்றவர்கள் கிளம்பிய பிறகு, பழைய விவரங்களைப் புதியதற்கு மாற்ற ராஸ் பக்கத்தில் உட்கார்ந்தேன். பெயர், முகவரி, யாருக்குச் சர்க்கரை, யாருக்கு உப்பு ஆகாது... எல்லாம் வந்துவிட்டது.

"ரெண்டு வருஷமா நாங்க எழுதினதெல்லாம் எங்கே?"

"இல்லை."

"இல்லைன்னா?"

"நேத்து எழுதினது மட்டும் இருக்கும். அதுக்கு முந்தினதை அதுவே அழிச்சிடும். ஆப்பை நான் அப்படித்தான் செஞ்சேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "யாருமே படிக்காததை எதுக்கு எங்களை எழுத வெச்சீங்க?"

"எழுதணும்னா நின்னு கேக்கணுமே."

கணினியை மெல்ல மூடினார்.

"என் மார்ஜரி இறந்தப்போ, அந்தக் குளிர்காலம் முழுக்க எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தது நீதான், கொலீன். வாசல்லயே கொடுத்துட்டு அடுத்த வீட்டுக்கு ஓடிடுவே. ஒரு நாள்கூட சூப் ஆறினதே இல்லை."