ரோஜா நிறப் பிள்ளை

தன் போட்டோ ஸ்டூடியோவில் மணப்பெண்களை அழகாகக் காட்டும் விளக்குகளையே பெனிட்டா வீடெங்கும் மாட்டியிருந்தாள். அவை முகத்தைத் தேடிப்போய் ஒளி பாய்ச்சும். கருவளையம், பரு எதுவும் தெரியாது. பிறந்து ஐந்தே நாளான மகன் எல்லாப் படத்திலும் ரோஜா நிறத்தில் இருந்தான்.

நேற்றிலிருந்து அவன் பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தான். மத்தியானம் கரண்ட் போனதும் திரையை விலக்கினாள். வெயிலில் பிள்ளையின் நெஞ்சும் கண்ணின் வெள்ளையும் மஞ்சளாய்த் தெரிந்தன.

அவனை அள்ளிக்கொண்டு எதிர்த்த ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அங்கே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே கால் வைத்ததும் விளக்கொளியில் பிள்ளை மறுபடி ரோஜா நிறமானான்.

"நல்லாத்தானே இருக்கான்! போய் வரிசையில உட்காருங்கம்மா," என்று நர்ஸ் சிரித்தாள்.

பெனிட்டா அண்ணாந்து பார்த்தாள். நோயாளிகளுக்குத் தெம்பாக இருக்கட்டும் என்று போன மாதம் அவளே மாட்டிக்கொடுத்த விளக்குகள்.

"சிஸ்டர், வெளியே வாங்க! வெயில்ல வச்சுப் பாருங்க!" என்று நர்ஸின் கையைப் பிடித்து இழுத்தாள்.