ஜன்னல் மேசை

"ஜன்னல் மேசை காலியாத்தானே இருக்கு?" என்றார் பல் டாக்டர்.

"இருக்கு சார். ஆனா உங்களுக்கு உள்ளே போட்டிருக்கேன்," என்று ஹோட்டல் மேனேஜர் கை கழுவும் இடத்தை ஒட்டிய மேசையைக் காட்டினார்.

டாக்டருக்குச் சுருக்கென்றது. நாலு மாதமாகத் தினமும் மனைவியோடு வந்து, தெருவைப் பார்த்த அந்த ஜன்னலோரத்தில்தான் சாப்பிடுகிறார். மேனேஜரே வாசல்வரை வந்து அழைத்துப் போவார். இந்த ஊரில் தனக்கும் ஒரு மரியாதை இருக்கிறது என்று அவர் நம்பத் தொடங்கியதே அந்த நாற்காலியில்தான்.

"எங்க மேல ஏதாவது வருத்தமா?"

மேனேஜர் தயங்கினார்.

"தப்பா நினைக்காதீங்க சார். இத்தனை நாளா ரெண்டு பேரும் குனிஞ்ச தலை நிமிராம, ஒரு வார்த்தை பேசாம சாப்பிட்டீங்க. தெருவுல போறவங்க கண்ணாடி வழியா பார்த்துட்டு, சாப்பாடு அவ்வளவு ருசி போலிருக்குன்னு உள்ளே வந்தாங்க. இந்த வாரம் என்னடான்னா ஒரே பேச்சு, சிரிப்பு. தட்டுல வெச்சது ஆறிப்போய்க் கிடக்கு. நேத்து ஒரு குடும்பம் எட்டிப் பார்த்துட்டு எதிர்க்கடைக்குப் போயிடுச்சு."

டாக்டர் போய் உட்கார்ந்தார். குழாய்த் தண்ணீர் அவர் சட்டையில் தெறித்தது.

எதிரே மனைவி மெனு கார்டைப் பிரித்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள்.

"வீட்டுல யாரு சமைக்கிறதுன்னு போட்டு, யாருமே வேண்டாம்னு போன வாரம் முடிச்ச சண்டையை மறுபடி ஆரம்பிச்சுடலாமா? இன்னும் நாலு மாசத்துக்கு ஜன்னல் மேசை நிச்சயம்."